கூம்பும் தட்டையும்

எந்த ஹெட்போன் நல்லது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தெரியும். தேயிலைக் கொழுந்து எடுத்த கைக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கூம்பு வைத்த ஹெட்போனில் சத்தம் எப்படி வரும், தட்டையான தாள் வைத்ததில் எப்படி வரும் என்று என் புருஷனும் அவருடைய கூட்டாளியும் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் நான் என் அம்மாவைப் பறிகொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஜாரில் ரேடியோ, டேப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு பல்பு, குடலை உருவிப் போட்ட மாதிரி வயர்கள். வாரம் முழுக்க அங்கேயே படுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை டயகம பஸ்ஸில் தோட்டத்துக்கு வருவார். நானும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவோடு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரே அறையில், ஒரே காம்பராவில் இருந்தோம். வீட்டுக்கு வந்தாலும் அவர் காது வீட்டில் இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். அவரோ பக்கத்துக் காம்பரா ரேடியோவின் கரகரப்பைக் கேட்டு, "அது கண்டென்சர் போச்சி" என்பார். அட, இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

கடையில் முதலிலிருந்தே ஒரு ஹெட்போன் இருந்தது. கறுப்பு நிறம், சுருள் சுருளான வயர், காது மூடுகிற இடத்தில் தோல் கிழிந்து பஞ்சு தெரியும். பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில், கப்பலில் வேலை செய்த ஒருவர் ஜப்பானில் வாங்கிய இன்னொன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். அது பிடித்துப்போய், ஒரு ரேடியோவை மாற்றாகக் கொடுத்து இவர் அதை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பிடித்தது சனியன்.

"இந்தா பாரு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் திறந்து எனக்கே காட்டினார். பழையதில் சின்னதாக ஒரு கூம்பு, அதன் அடியில் கம்பிச் சுருள், அதற்குப் பின்னால் காந்தம். சுருள் ஆடும்போது கூம்பை நடுவில் பிடித்து உந்தும். புதியதில் கூம்பே இல்லை. மெல்லிசான பிளாஸ்டிக் தாள் ஒன்று தட்டையாக இழுத்துக் கட்டியிருந்தது. கம்பி அந்தத் தாளின் மேலேயே கோலம் மாதிரி ஓடியது. தாளுக்கு முன்னாலும் பின்னாலும் ஓட்டை போட்ட காந்தம். "கூம்புல நடுவுல தள்ளுனா ஓரம் பிந்தித்தான் ஆடும். இதுல முழுத் தாளும் ஒரே நேரத்துல ஆடுது புள்ள. அதான் சத்தம் சுத்தமா வருது" என்றார். என்னிடம் அவ்வளவு ஆசையாக அவர் பேசியது அபூர்வம். அதனால்தானோ என்னவோ, எனக்கு அது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

அவருடைய கூட்டாளி தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர். பாட்டுப் பைத்தியம். மாஸ்டர் கூம்புக் கட்சி. "தப்பு அடிச்சா நெஞ்சுல விழணும். ஒங்க தட்டையில தப்பு எங்கயோ அடுத்த மலையில அடிக்கிற மாதிரி இருக்கு" என்பார். இவர் தட்டைக் கட்சி. "அடி பெருசா கேட்டாப் போதுமா மாஸ்டர்? குச்சி படுறது வேற, தோலு அதிருறது வேற. தட்டையில ரெண்டும் தனித்தனியாக் கேக்குது. ஒங்க கூம்பு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கிண்டிருது." கூம்பு எந்தச் சின்ன டேப்பிலும் சத்தமாகப் பாடும், தட்டைக்குத் தீனி அதிகம், சத்தத்தை முழுக்கக் கூட்டினால்தான் வாயைத் திறக்கும், பெட்டரியைக் குடித்துத் தீர்க்கும் என்பது மாஸ்டரின் இன்னொரு வாதம். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை.

இந்தக் கூத்து நடந்த அதே வருஷத்தில்தான் அம்மாவுக்கு இந்தியா போகும் கடுதாசி வந்தது. தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பிரித்துக்கொண்ட ஒப்பந்தக் காலத்தில் அப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். அக்கா புருஷனோடும் பிள்ளைகளோடும் முன்பே போய், கோத்தகிரிப் பக்கம் இருந்தாள். என் வீட்டுக்காரருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்பதால் நான் இங்கே. நடுவில் அம்மா. பாஸ்போர்ட் கையில் இருந்தது. போகலாம். அல்லது கண்டியில் இருக்கிற இந்திய ஆபீசுக்குப் போய் நோய் நொடி என்று சொல்லித் தவணை வாங்கலாம். அப்படித் தவணை வாங்கியே காலத்தை ஓட்டியவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

"பெரியவ என்னா சொல்லுறான்னு கேப்போம். அவ வான்னா போறேன். வேணாம்னா ஒங்கூடயே கெடக்குறேன்" என்றாள் அம்மா. நான் அக்காவுக்குக் கடிதம் போட்டேன். அக்காவுக்கு எழுதப் படிக்க வராது. கேசட்டில் பேசித்தான் அனுப்புவாள். பதில் கேசட்டுக்காகக் காத்திருந்தோம்.

இந்தியாவிலிருந்து வரும் கேசட்டுக்கு ஒரு முறை இருந்தது. அது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் பக்கம் முழுக்கச் சுகம் விசாரிப்பதிலேயே போகும். அம்மா, தங்கச்சி, மாப்பிள்ளை, பெரியப்பா, பக்கத்துக் காம்பரா மதினி, அவள் மருமகள், மாடு கன்று போட்டதா என்பது வரைக்கும். ஒருவரை விட்டால் வருஷக்கணக்கில் மனஸ்தாபம். அதனால்தான் லயமே கூடி உட்கார்ந்து கேட்கும். தன் பெயர் வந்ததும் ஆள் எழுந்து போய்விடும். கூட்டம் கலைந்த பிறகுதான் வீட்டு ஆட்கள் கேசட்டைத் திருப்பிப் போடுவார்கள். நல்லது கெட்டது, பசி பட்டினி, மாமியார் கொடுமை எல்லாம் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும்.

அக்காவின் கேசட் கடை விலாசத்துக்கு வந்தது. சனிக்கிழமை இவர் அதைக் கொண்டுவந்தார். கூடவே டேப், இரண்டு ஹெட்போன்கள். ஞாயிறு காலை மாஸ்டரும் வந்து சேர்ந்தார். முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில் இடமில்லாமல் ஆட்கள் வாசல் வரைக்கும் நின்றார்கள். அம்மா கதவுக்குப் பின்னால், மருமகன் முன்னால் வராமல், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இவர் டேப்பைத் தட்டினார். "அன்புள்ள அம்மாவுக்கு" என்று அக்காவின் குரல் வந்ததும் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த சொல் வருவதற்குள் இவர் நிறுத்திவிட்டார்.

"மாஸ்டர், கொரலு எவ்ளோ சுத்தமா விழுந்திருக்கு பாத்தீங்களா? பாட்ட விட இதுதான் நல்ல சோதன. நமக்குத் தெரிஞ்ச கொரலு."

"செருகுங்க பாப்போம்" என்றார் மாஸ்டர்.

ஹெட்போன் வயரைச் செருகினால் அந்த டேப்பின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். "ரெண்டு நிமிஷம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இவர் தட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டார். கேட்டார். பின்னால் சுற்றினார். கூம்பை மாட்டினார். அதே இடத்தைக் கேட்டார். மாஸ்டரிடம் கொடுத்தார். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுத் தலையாட்டினார். மறுபடி சுற்றினார்கள். முப்பது பேர் முன்னால் இரண்டு பேர் தலையாட்டுகிறார்கள், எங்களுக்கு ஒரு சத்தமும் இல்லை. ஊமைப்படம் பார்க்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"என்னங்க, மொதல்ல எல்லாருக்கும் போட்டு விடுங்களேன்" என்றேன்.

"இரு புள்ள, சும்மா தொணதொணங்காத."

பக்கத்துக் காம்பரா மதினி, "அண்ணே, ஒங்க மச்சினிச்சி ஒங்களுக்கு மட்டுந்தான் பேசி அனுப்பிருக்கா போல" என்று நக்கலடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கூம்பைக் கொண்டுபோய் என்னிடம் கொடுத்து, "ஒங்கம்மாவுக்கு மாட்டி வுடு, கேக்கட்டும்" என்றார். மாட்டிவிட்டேன். அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்ட இடம் அம்மாவின் காதில் ஓடியது. "அம்மா, ஒன்னயப் பாக்காம எனக்குக் கண்ணு பூத்துப் போச்சிம்மா" என்று அக்கா சொல்லும் இடம். அம்மா அப்படியே உடைந்து அழுதாள். நான் ஆறுதல் சொல்வதற்குள் இவர் வந்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கூம்பில் அந்தச் சொல் கனமாக இருக்கிறதா, தட்டையில் மெலிந்திருக்கிறதா என்று மாஸ்டரோடு வாதம் தொடர்ந்தது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் பெட்டரி செத்தது. ஸ்பீக்கருக்கு மாற்றினால் அக்காவின் குரல் குடிகாரன் பேசுகிற மாதிரி இழுத்தது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

"கடையில கரண்டுல போட்டு முழுசாக் கேட்டுட்டு வந்து சொல்லுறேன்" என்று கேசட்டை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வாசலில் காலை வைப்பதற்குள் கேட்டேன்.

"முழுசாக் கேட்டீங்களா? அம்மா விஷயமா அக்கா என்னா சொல்லுறா?"

"கேட்டேன், கேட்டேன். எல்லாரையும் விசாரிச்சா. சந்தோஷமாத்தான் பேசுறா. அம்மாவ வரச்சொல்லித்தான்."

"ரெண்டாம் பக்கம்?"

"அதான் கேட்டேங்குறேன்ல. எத்தன வாட்டி சொல்லுறது?"

"கேசட்டு எங்க?"

"கடையில இருக்கு. கொரலு நல்லா இருக்குன்னு வாறவங்களுக்கு அதத்தான் போட்டுக் காட்டுறேன்."

என் அக்காவின் அழுகையைக் கடைக்கு வருகிறவனுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார். எனக்குக் கொண்டுவர மட்டும் மறந்துவிட்டது. அம்மாவிடம் நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. "பெரியவ கூப்புட்டுட்டா. நாந்தான் எங்காதால கேட்டேனே" என்று அவள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மரப்பெட்டியில் பெயர் எழுதியாயிற்று. அம்மியைக் கொண்டுபோவதா வேண்டாமா என்பதுதான் அவளுக்குப் பெரிய யோசனை.

ஹட்டன் ஸ்டேஷனில் அன்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஏறின. தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவர்களின் அழுகையும் வழியனுப்ப வந்தவர்களின் அழுகையும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. அம்மா என் சின்னவளை முத்தமிட்டு முத்தமிட்டு அவள் கன்னமே சிவந்துபோயிற்று. கோச்சி நகர்ந்தபோது, "மாப்பிள்ளைய நல்லாப் பாத்துக்க தாயி" என்றாள். அவர் பெட்டி ஏற்றிய களைப்பில் ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போனோம். இவர் பிள்ளைகளுக்குப் பனிஸ் வாங்கப் போனார். மேசையில் டேப், அதற்குள்ளேயே அக்காவின் கேசட். அம்மா போன துக்கத்தில் அக்கா குரலையாவது கேட்போம் என்று நானே உட்கார்ந்தேன். பஜார் இரைச்சலுக்குத் தட்டையை மாட்டிக்கொண்டேன். அதுவரைக்கும் அதைத் தலையில் வைக்க எனக்கு விட்டதில்லை. கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் அக்கா மெதுவாகப் பேசினாள். யாருக்கோ பயந்து பேசுகிற பேச்சு.

"தங்கச்சி, இது ஒனக்கு மட்டும். அம்மாவுக்குப் போட்டுக் காட்டாத. இங்க நாங்க மனுஷங்களாவே இல்லடி. வேலன்னு சொன்னது வேல இல்ல. சாக்கக் கட்டி அதுக்குள்ள கெடக்குறோம். மழ வந்தா நின்னுக்கிட்டுத்தான் தூங்கணும். சிலோன்காரிங்குறாங்க, கடையில அரிசி கடன் தரமாட்டேங்குறாங்க. இவரு என்னய அடிக்கிறாரு. அம்மா இதப் பாத்தா செத்துப்போயிரும். எப்புடியாச்சும் தவண வாங்கி அங்கயே வச்சிக்க. அம்மாவ ஏத்தி விட்றாத. ஒங்கால்ல விழுந்து கேக்குறேன்."

ஒருவேளை காது பொய் சொல்கிறதோ என்று கூம்பை மாட்டி இன்னொரு தரம் கேட்டேன். கூம்பில் அக்காவின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி உருண்டு திரண்டு வந்தது. அவள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசுகிறாள் என்று யாரும் நம்பிவிடலாம். தட்டையில் குரல் சன்னம். ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவள் எச்சில் விழுங்குவதும், பல் கிட்டுவதும், சாக்கு காற்றில் படபடப்பதும் தனித்தனியாகக் கேட்டன. என் புருஷன் சொன்னது சரிதான். தட்டைதான் உண்மையைச் சொல்கிறது. அதைக் கண்டுபிடித்த மகராசனுக்குத்தான் கேசட்டைத் திருப்பிப் போடத் தோன்றவில்லை.

பனிஸோடு வந்தவரின் சட்டையைப் பிடித்தேன். நடு பஜாரில் புருஷன் சட்டையைப் பிடித்தவள் என்று பிறகு பேசினார்கள். பேசட்டும்.

"முழுசாக் கேட்டேன்னீங்களே! கேட்டீங்களா?"

ஹெட்போனை அவர் காதில் வைத்து அழுத்தினேன். கேட்டார். கையிலிருந்த பனிஸை மேசையில் வைத்தார்.

"பின்னாடி இம்புட்டு இருக்கும்னு யாருக்குப் புள்ள தெரியும்?"

"இந்த லயத்துல, இந்த மலையில தெரியாதவன் நீங்க ஒருத்தருதான்!"

"சரி, கத்தாத. கோச்சி போயிருச்சி. இனி என்னா செய்ய?"

ஒன்றும் செய்யமுடியவில்லை. தலைமன்னாரில் யாருக்குத் தந்தி அடிப்பது, யார் அம்மாவைத் தேடிப் பிடித்து இறக்குவார்கள்? அழுது அழுது டயகம பஸ்ஸில் ஏறினேன். மாஸ்டர் அதே பஸ்ஸில் வந்தார். விஷயம் தெரிந்ததும் மனுஷன் தோட்டம் வரும்வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவருக்காவது உறைத்தது.

பல மாதங்கள் கழித்து ஒரு கேசட் வந்தது. இந்த முறை யாரையும் தொடவிடாமல் நானே போட்டேன். அம்மா பேசியிருந்தாள். அவள் அதுவரை கேசட்டில் பேசியதே இல்லை. எல்லாரையும் விசாரித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் என்னிடம் வந்தாள்.

"பெரியவ வெவரமெல்லாம் சொன்னா தாயி. ஒனக்கு முன்னயே சொல்லி அனுப்பிருந்தாளாமே. நீ மறச்சதுல தப்பில்ல. ஒனக்கும் புள்ளைங்க இருக்கு. ஒரு காம்பராவுல எத்தன பேருதான் படுக்கிறது. எனக்கு ஒம்மேல கோவமில்ல."

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. அதை வாங்கி எங்கே வைப்பது? அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் அவளை வேண்டுமென்றே ஏற்றிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு, சாக்குக் குடிசையில் உட்கார்ந்து, எனக்காக நியாயமும் சொல்லிக்கொண்டிருந்தாள் என் அம்மா. அன்று நான் கொழுந்து எடுக்க மலைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை இவரை உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒங்கம்மா தப்பா நெனச்சிருச்சி. நீ பேசி அனுப்பு" என்றார். எழுந்து போகப் போனவர் திரும்பி, "எம்பேர இழுக்காம ஏதாச்சும் சொல்லிரு. மாப்பிள்ளன்னு ஒரு மரியாத இருக்குல்ல" என்றார்.

இழுத்தேன். ஏன் இழுக்கக்கூடாது? சுகம் விசாரிக்கவில்லை, ஒன்றுமில்லை. எடுத்த எடுப்பிலேயே நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டு ஹெட்போன், பெட்டரி, பொய், கடை மேசை எல்லாவற்றையும். "நான் கேக்கவே இல்லம்மா, சத்தியமா நீ கோச்சி ஏறுனதுக்கப்பறந்தான் கேட்டேன்" என்று இரண்டு தரம் சொன்னேன்.

பதில் அக்காவிடமிருந்து வந்தது. அம்மா கேட்டுவிட்டாளாம். கேட்டு முடித்ததும் சொன்னாளாம். "மாப்பிள்ள அப்புடிச் செய்யுறவரில்ல. எனக்குப் பொட்டி தூக்குன கையி அது. தான் செஞ்சத மறைக்கக் கட்டுன புருஷன் மேலயே பழியப் போடுறாளே. இப்புடியா நான் அவள வளத்தேன்? மறச்சத மன்னிச்சிட்டேன். இத மன்னிக்கமாட்டேன்." அக்காவும் எவ்வளவோ எடுத்துச் சொன்னாளாம். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லையாம். அதன் பிறகு நான் அனுப்பிய எந்தக் கேசட்டுக்கும் அம்மா வாய் திறக்கவில்லை.

தலைமன்னார்க் கப்பல் நின்றுபோன பிறகு, கேசட் போக்குவரத்தும் குறைந்துபோன ஒரு மழைக்காலத்தில், அம்மா இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. லயம் கூடியது. இவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "எம்மேல உசுரையே வச்சிருந்தாங்களே" என்று அழுதார். அது பொய்யழுகை இல்லை, நிஜமாகவே அழுதார். மருமகனா மகனா என்று சனங்கள் அவரைச் சுற்றி நின்று முதுகைத் தடவினார்கள். நான் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட அடுப்புப் பக்கம் போனேன். அம்மா சாகும்போது என்னை வெறுத்திருந்தாள் என்பது அந்த இடத்தில் அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் செய்த பெரிய உபகாரம் என்றே அதைக் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.